ஒய்.பி. சூடம்

மகனே,

உன் அப்பாவின் பித்தளைத் தட்டைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாய். தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். காரணம் சொல்லாமல் சொன்ன அந்த வார்த்தை உனக்குக் கோபத்தைத் தந்திருக்கும், அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்த கையோடு பால்வாளி தூக்கப் போனவள். உன் மகள் எழுத்துப் பிழையைத் திருத்தித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எழுத்தைத் திருத்தலாம், நான் சொல்வதைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். உன்னோடு சுற்றுகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் கொடு. உனக்கு ஓட்டுப் போடப் போகிற யாரும் பார்க்கக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

உன் பெண்டாட்டியின் தம்பி சேகர் வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மோட்டாரை நிறுத்தும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். "அத்தை, சனிக்கிழமை சாயங்காலம் கோயில்ல கூட்டம். மாமா ஏந்துன பித்தளைத் தட்டு உங்ககிட்டதானே இருக்கு? அதுல சூடத்தை ஏத்தி நீங்க ஏந்திக்கிட்டு நில்லுங்க. மச்சான் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுவாரு. ரெண்டு நிமிஷ வீடியோ லா." என்னவென்று சத்தியம் பண்ணுவான் என்று கேட்டேன். "தற்காலிக வீட்டுல இருக்குற அத்தனை குடும்பத்துக்கும் நிலம் வாங்கிக் குடுப்பேன்னு." வாங்கிக் கொடுத்துவிடுவானா என்று கேட்டேன். "அது பொறவு அத்தை. மொதல்ல ஜெயிக்கணும்லா." நான் ஏந்தாவிட்டால் என்ன என்று கேட்டதற்கு, "வேற யாராச்சும் ஏந்துவாங்க. ஆனா பெத்த தாய் ஏந்துனா சனங்க கண்ணு கலங்கிரும்" என்றான். கீரைக் காம்பை அவன் கால்பக்கம் வீசி, தட்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பிள்ளை பயந்துவிட்டான். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

உன் மேல் எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. கட்சியில் உனக்கு இடம் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சுங்கைப் பட்டாணி காலைப் பசாரில் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். மீன் விற்கிற சீனரிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கெம்போங் மீனைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். வேட்பாளரின் அம்மா வாங்கிய முதல் லஞ்சம் அதுதான். பால்மரம் வெட்டிய கைகள் பெற்றுப் போட்ட பிள்ளை வக்கீல் ஆகி, இன்று வீதி முனையெல்லாம் படமாகச் சிரிக்கிறான். பேருந்து நிறுத்தத்தில் உன் படத்தின் மேல் மழைத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து முந்தானையால் துடைத்துவிட்டு வந்தவள் நான். பெருமை இருப்பதால்தான் சொல்கிறேன். பெருமை இல்லாதவளாக இருந்தால் தட்டைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

உன்னோடு இருப்பவர்கள் ஓட்டுகளை எண்ணுகிறார்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் உங்களை எப்படி எடை போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியவில்லை. போன வாரம் தற்காலிக வீட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். பாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய அதே பாக்கியம்தான். நான் வெயிலேறும் முன்னே மரம் வெட்டப் போய்விடுவேன், உன் முதல் நடையை அவள்தான் பார்த்தாள். எதிர்க்கட்சி ஆள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் முதுகு மறைவதற்குள் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "நல்ல மனுஷன் போல. சப்பாத்தைக் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு." "கழட்டுனாரு, ஆனா தண்ணி குடிக்கலயே." "பக்கத்துல நின்ன ஆளு காதுல பேரு சொல்லிக் குடுத்தான், பாத்தியா? அதுக்கப்பொறம்தான் 'என்னம்மா சரசு'ங்கிறாரு." "சொல்லிக் குடுத்தாலும் கேட்டுக்கிட்டாருல்ல, அதுவே பெருசு." பிறகு பாக்கியம் என் தொடையில் இடித்துக் கேட்டாள்: "ஒன் மவன் எப்புடிக்கா, நம்பலாமா?" எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீடு என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தேன், அது சிரிக்கவில்லை. கோயிலையும் வீட்டையும் ஒரு தடவை இழந்து, தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்த பலகை வீட்டிலேயே கிழவியாகிவிட்டவள். அந்த நிலத்தையும் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சப்பாத்தையும் தண்ணீரையும் வைத்து ஆளை எடை போடுகிறார்களே, படிக்காத சனம் என்று நீ நினைக்கலாம். எங்களுக்கு வேறு என்ன தெரியும், சொல். அலோர் ஸ்டார் சட்டமன்றத்தில் நீங்கள் என்ன பேசுகிறீர்கள், எதற்குக் கை தூக்குகிறீர்கள் என்பது எங்கள் கண்ணுக்கு எட்டாது. எட்டுவது சாவு வீட்டு வாசல்தான். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கணிக்கிறோம். மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்துப் பால் எவ்வளவு வரும் என்று சொல்வதைப் போலத்தான் இதுவும். சில நேரம் பட்டை பளபளப்பாக இருக்கும், கத்தியை வைத்தால் ஒன்றும் வராது. அப்படி நாங்கள் ஏமாந்த கதையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாய். உன் காதுக்கு வந்தது பாதிதான். அப்பா தட்டு ஏந்தினார், சூடம் அடித்த வேட்பாளர் ஜெயித்தார், அடிக்காதவர் தோற்றார். அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இப்போது தட்டைக் கேட்கிறாய்.

சுங்கை லாலாங் பக்கத்து நம் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டு வீடு கட்டுவார்கள், நாங்கள் குடியிருந்த லயங்களை இடிப்பார்கள், அரசமரத்தடி முனீஸ்வரர் கோயிலையும் எடுத்துவிடுவார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டால் மேலே கேளுங்கள் என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் தேர்தல் வந்தது. நின்ற இரண்டு பேரும் தமிழர்கள். ஒருவர் நம்மைப் போலத் தோட்டத்தில் பிறந்து, வெளியே போய் லாரி வைத்துப் பெரிய ஆளானவர். எந்தக் கோயிலுக்குப் போனாலும் கழுத்து நிறைய மாலையோடுதான் திரும்புவார். அவரை மாலைக்காரர் என்றே வைத்துக்கொள். இன்னொருவர் யாழ்ப்பாணத்தார், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். சுங்கைப் பட்டாணியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவருடைய அப்பா நம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். கிராணி என்றால் எங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி ஓடி வந்தவளுக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டிய பேனாதான் ஞாபகம் வரும். மகன் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் வந்த தமிழே எங்கள் காதுக்கு ஆபீஸ் தமிழாகக் கேட்டது.

மாஸ்டர்தான் முதலில் வந்தார். சப்பாத்தைக் கோயிலுக்கு வெகுதூரம் முன்னாலேயே கழற்றி வைத்துவிட்டு, சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்து வந்தார். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எங்களை வேலைக்கு ஏவுகிற தண்டல் எழுந்து கேட்டார்: "மாஸ்டர், சுத்தி வளைச்சுப் பேச வேணாம். இந்தக் கோயிலை எடுக்க விடமாட்டேன்னு சூடம் அடிச்சுச் சொல்லுங்க. மொத்த ஓட்டும் உங்களுக்குத்தான்." உன் அப்பா பூசாரி அல்லவா, தட்டோடு தயாராக நின்றார். மாஸ்டர் தட்டைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார். "கோயிலுக்கு மரியாதைக் குறைவாய் நான் சொல்லேல்லை. நிலம் கம்பெனியின்ட பேரில கிடக்குது. நான் போய்க் கேப்பன், விடாமல் கேப்பன். தருவினமோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்டுக்குச் சத்தியம் பண்ண என்னால ஏலாது" என்றார்.

கூட்டத்தில் ஒருவன், "ஏலாதுன்னா வீட்டுல கசாயம் குடிச்சிட்டுப் படுத்துக்கங்க மாஸ்டர்!" என்று கத்தினான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "வேதக்காரர்லா, நம்ம சாமிகிட்ட கை வைப்பாரா?" என்றது ஒரு குரல். "அதெல்லாம் இல்ல லா, கிராணி புத்தி. வசமா நழுவுறாரு பாரு" என்றது இன்னொன்று. முடியாது என்று சொன்னால் எங்கள் பேச்சில் இரண்டு அர்த்தம் உண்டு. சக்தி இல்லை என்றும் இருக்கலாம், மனசு இல்லை என்றும் இருக்கலாம். அவர் சொன்ன ஏலாது சக்தியைப் பற்றியது. நாங்கள் அதை மனசு என்று எடுத்துக்கொண்டோம். மனசில் கள்ளம் இல்லாவிட்டால் சூடத்தைத் தொட என்ன பயம் என்று கேட்டோம். அன்றிலிருந்து அவருக்கு ஏலாது மாஸ்டர் என்று பெயர். சின்னப் பிள்ளைகள் கூட அவருடைய காடி சாலையில் போகும்போது ஏலாது, ஏலாது என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

அடுத்த வாரம் மாலைக்காரர் வந்தார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, "எங்க அண்ணே தட்டு?" என்றார். உன் அப்பா சூடத்தை ஏற்றி ஏந்தினார். மற்றவர்கள் சூடத்தைத் தட்டி அணைப்பார்கள். அவர் உள்ளங்கையை விரித்து நெருப்பின் மேல் அப்படியே அழுத்தினார். "இந்த முனீஸ்வரன் மேல ஆணை. என் உசுரு இருக்குற வரைக்கும் இந்தக் கல்லை ஒருத்தன் அசைக்க முடியாது" என்றார். பெண்கள் குலவை போட்டோம். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சூட்டினால் வந்த தண்ணீர் என்று பின்னால் சிலர் சொன்னார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்த நிமிடத்தில் அவர் சொன்னதை அவரே நம்பினார். மகனே, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அதைவிட ஆபத்து வேறு இல்லை. பொய் சொல்கிறவனை எங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியும். அவன் கண் ஓடும், கை எதையாவது தடவும், பேச்சு தேவைக்கு மேல் நீளும். தன் பேச்சில் தானே மயங்கிப்போகிறவனுக்கு இது ஒன்றும் இருக்காது. நெஞ்சிலிருந்து பேசுவான், நாங்கள் நெஞ்சைக் கொடுத்துவிடுவோம். அந்தத் தடவை என் ஓட்டும் அவருக்குத்தான்.

அவர் ஜெயித்து ஒய்.பி. ஆனார். சட்டமன்றத்துக்குப் போகிறவர்களை இங்கே எல்லோரும் ஒய்.பி. என்றுதானே கூப்பிடுகிறோம், நாளைக்கு உன்னையும் கூப்பிடுவார்கள். கோயிலை எடுக்கச் சொல்லி ஆள் வந்தபோது தண்டல் அவருடைய ஆபீசுக்கு ஓடினார். உள்ளே இருந்த பெண் மலாயில் "நந்தி" என்றாளாம். பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். மறுபடி போனார், மறுபடியும் நந்தி. "கோயில்ல நந்தி சாமிய மறைக்கும், இங்க நந்தி ஒய்.பி.யை மறைக்குது" என்று சொல்லிக்கொண்டே தண்டல் திரும்பி வந்தார். வயிறு எரியும்போதும் அந்த மனுஷனுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும். புல்டோசர் வந்த நாளில் கல்லை நாங்களே பெயர்த்து எடுத்தோம். வேறு யாரும் தொட வேண்டாம் என்று உன் அப்பா தோளில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முதல் கடப்பாரையை அவரே போட்டார். ஒய்.பி. வரவில்லை. மாஸ்டர் வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக நின்றார். பிறகு நடக்க முடியாத கிழவிகளைத் தன் பழைய காடியில் ஏற்றித் தற்காலிக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். காடியில் ஏறிய பாக்கியத்தின் மாமியார் அவரிடமே, "ஏலாது மாஸ்டருன்னு ஒருத்தரு இருந்தாரே, செத்துட்டாராப்பா?" என்று கேட்டாளாம். "இல்லை ஆச்சி, இன்னும் சாகேல்லை" என்றாராம்.

இதற்குப் பிறகு நாங்கள் திருந்தினோம் என்றுதானே கதை போக வேண்டும்? அடுத்த தேர்தலிலும் மாலைக்காரருக்குத்தான் போட்டார்கள். "பாவம்லா, அவரு ஒருத்தரு என்ன செய்வாரு? நமக்காகக் கையைச் சுட்டுக்கிட்டவருலா" என்றார்கள். சொன்னதைச் செய்யாதவரை மன்னித்தார்கள். செய்ய முடியுமோ என்று தெரியாது என்றவரை மன்னிக்கவே இல்லை. மாலைக்காரருக்கு முனீஸ்வரர் தண்டனையும் கொடுக்கவில்லை. சுல்தான் கையால் பட்டம் வாங்கினார், பெரிய வீடு கட்டினார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். அதனால் சாமி கண்ணைக் குத்தும் என்று உன்னைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை.

கெட்டுப் போனது வேறு. தோட்டத்தில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, கோர்ட்டு கிடையாது. சூடம்தான் எங்கள் கோர்ட்டு. புருஷன் இனிமேல் கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டேன் என்றால் சூடம். அவள் என்னைப் பற்றி அப்படிச் சொன்னாளா என்றால் சூடம். அடித்துச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, அடுப்பு மூட்டப் போகலாம். தற்காலிக வீட்டுக்கு வந்த பிறகு பாக்கியத்தின் சேவல் காணாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரி நான் எடுக்கவில்லை, வேண்டுமானால் சூடம் அடிக்கிறேன் என்றாள். பாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தச் சூடம்டி? நம்ம சூடமா, ஒய்.பி. சூடமா?" சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். சேவல் பின்னால் சாக்கடை ஓரத்தில் கிடைத்தது, அவள் எடுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல அவளிடம் இருந்த ஒரே வழி அடைபட்டுப் போயிருந்தது. இன்றைக்கும் அங்கே யாராவது பெரிதாக வாக்குக் கொடுத்தால், பிள்ளைகள் கூட ஒய்.பி. சூடம் என்கிறார்கள். அது எங்கிருந்து வந்த சொல் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

உன் அப்பா அந்தச் சிரிப்பில் சேரவில்லை. சூடம் அடிப்பவன் ஒருவன், தட்டு ஏந்துகிறவன் அதற்குச் சாட்சி, சத்தியம் பொய்த்தால் பாவத்தில் சாட்சிக்கும் பங்கு உண்டு என்று அவர் தகப்பனார் சொல்லிக் கொடுத்திருந்தார். பெயர்த்த கல்லைக் கொண்டுபோய் வைத்துக் கட்டிய புதுக் கோயிலில் முதல் பூசைக்கு அவர் எவர்சில்வர் தட்டோடு வந்தார். பித்தளைத் தட்டு இடம் மாறும்போது தொலைந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் நினைக்க விட்டுவிட்டார். அதைப் புளி போட்டுத் தேய்த்து, தன் கல்யாண வேட்டியில் சுற்றி, அலமாரியில் என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். நான் ஒரு தடவை கேட்டேன், சத்தியம் பண்ணியது அவர்தானே, உங்களுக்கு என்ன என்று. "அவரு கையில சூடு ஆறிப்போச்சு. எனக்கு ஆறல" என்றார். படுக்கையில் விழுந்த கடைசிக் காலத்தில் கூடத் தட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் உன்னைப் பற்றிப் பேசினார். வக்கீலுக்குப் படித்தவன், யாரையும் சத்தியம் பண்ண வைக்காமலேயே உண்மையைக் கண்டுபிடிப்பான் என்றார். அந்தத் தட்டைத்தான் நீ கேட்கிறாய்.

சேகர் போன பிறகு நீ போனில் கூப்பிட்டாய். நான் கேட்டேன், அந்த நிலம் அவர்களுக்குக் கிடைக்குமா என்று. "அம்மா, எனக்கே தெரியலமா. கேஸ் ரொம்பச் சிக்கல். முயற்சி பண்ணுவேன், அவ்வளவுதான். ஆனா அதைச் சொன்னா ஓட்டு விழாது. ஏலாது மாஸ்டர் உண்மையைத்தானே சொன்னாரு, ஜெயிச்சாரா?" என்றாய். அவர் ஜெயிக்கவில்லை. நீ உண்மையைச் சொன்னால் உனக்கும் அதே கதி வரலாம். உண்மை சொன்னால் ஜெயிப்பாய் என்று நான் சொன்னால், அதுவும் ஒரு ஒய்.பி. சூடம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்கே தெரியலமா என்று சொன்னாயே, அப்போது உன் குரலை நான் நம்பினேன். பெற்றவள் என்பதால் நம்பவில்லை. உனக்கு நஷ்டம் வரக்கூடிய ஒன்றை என்னிடம் மறைக்காமல் சொன்னாய், அதனால் நம்பினேன். என்னிடம் தெரியாது என்ற நீ, பாக்கியத்திடம் போய் எப்படிச் சத்தியம் பண்ணுவாய்? எனக்கு ஓர் உண்மை, அவளுக்கு ஒரு சூடமா? உன் முதல் நடையைப் பார்த்தவளுக்கா?

உன் வீட்டிலேயே ஓர் ஓட்டுக்காரி இருக்கிறாள், அவள் சொல்வதையும் கேள். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு அப்பா வருகிறாரா என்று உன் மகளிடம் கேட்டேன். "பார்க்கலாம்னு சொன்னா பாதித் தடவை வருவாரு பாட்டி. கண்டிப்பா வருவேன்னு சொன்னாத்தான் வரவே மாட்டாரு" என்றாள். கோபமே இல்லாமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். இதை எழுத வேண்டாம் பாட்டி என்று இப்போது என் கையைப் பிடிக்கிறாள். எழுதத்தான் செய்வேன். நீ பொய்யன் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் நிற்பவரின் முகம் வாடக் கூடாது என்று இல்லாததையும் கொடுத்துவிடுகிற கை உன்னுடையது. மாலைக்காரரின் கையும் அதுதான். பிள்ளைக்குப் பரவாயில்லை, அடுத்த வருடமும் போட்டி நடக்கும். பாக்கியத்துக்கு இன்னொரு வீடு போவதற்கு வயது இல்லை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் நான் மறைக்கவில்லை. நாங்கள் தப்பாகத்தான் எடை போட்டோம். கண்ணீரைப் பார்த்தோம், சரளைக்கல்லில் நடந்த காலைப் பார்க்கவில்லை. தமிழின் ஓசையைக் கேட்டோம், சொன்னதைக் கேட்கவில்லை. ஆனால் சனங்கள் அப்படியே நின்றுவிடுவதில்லை. சாவு வீட்டில் பாக்கியம் நம்பலாமா என்று கேட்டாளே, முன்பெல்லாம் அவள் அப்படிக் கேட்கமாட்டாள், குலவை போடுவாள். அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியது சத்தியம் இல்லை. உன்னைப் பற்றி நிஜமாகத் தெரிந்த ஒருத்தியிடம் கேட்டாள். நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை நீ பேசிய பிறகு சொல்கிறேன் என்று மனதுக்குள் வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை நான் வருவேன். மேடையில் ஏறமாட்டேன், பாக்கியத்தின் பக்கத்தில் பாயில் உட்காருவேன். சேகரிடம் சொல், அவன் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும். யாராவது சூடம் அடிக்கச் சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள், அது பழகிப்போன வாய். நீ அப்போது தட்டைத் தேடாதே. போனில் என்னிடம் சொன்னதை அதே குரலில் அவர்களிடம் சொல். என்ன செய்யப் போகிறாய், யாரிடம் போய்க் கேட்கப் போகிறாய், எது உன் கையில் இல்லை என்று சொல். ஏலாது என்று வரும் இடத்தில் ஏலாது என்று சொல். சிரிப்பார்கள், கத்துவார்கள், கசாயம் குடிக்கச் சொல்வார்கள். நின்று கேட்டுக்கொள். மாஸ்டர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் அன்றைக்கு ஒருவரும் இல்லை. உனக்குப் பாயில் ஒருத்தி இருப்பாள்.

தட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி என் இடுப்பில். நான் இன்னும் அந்தத் தொகுதியில்தான் ஓட்டுப் போடுகிறேன் என்பதை உன் ஆட்கள் மறந்திருப்பார்கள், நீ மறக்காதே. பெற்றவளின் ஓட்டு கேட்காமலேயே விழும் என்று கணக்குப் போட வேண்டாம். நீ சூடம் அடித்தால் என் ஓட்டு உனக்கு இல்லை. தேர்தல் அன்று காலையில் குளித்துவிட்டு, உன் அப்பா எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பேன். மறுநாள் மத்தியானம் உனக்குப் பிடித்த முருங்கைக்கீரைப் பொரியல் வைத்திருப்பேன், ஜெயித்தாலும் தோற்றாலும் வந்து சாப்பிடு. என் விரலில் மை இருக்கும். யாருக்குப் போட்டாய் அம்மா என்று கேட்பதாக இருந்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேள். நீ கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்வேன்.

உன் அம்மா